கண் மட்டம்

எங்கள் காட்சிக்கூடத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, படம் வரைந்தவள் அதை மாட்டும் நாளில் உள்ளே வரக் கூடாது. வந்தால் இதை அங்கே வை, அதை இங்கே வை என்று எங்கள் உயிரை எடுத்துவிடுவாள். இரண்டாவது, கோடு.

கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து இந்தப் பழைய டயர் கடையை வாடகைக்குப் பிடிப்பதற்கு முன்பு, ஒரு பெரிய கூடத்தில் எங்களையும் போனால் போகிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். என் ஓவியம் கழிவறைக்குப் போகிற வழியில். புகைப்படக்காரியின் படங்கள் கதவுக்கு மேலே, பல்லி மட்டும் பார்க்கிற இடத்தில். சிற்பம் செய்கிறவளின் வேலையை மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதில் தன் குடையை மாட்டிவிட்டுப் போனான். அவளுக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. எங்களுக்கென்று இடம் கிடைத்த அன்றே ரசமட்டமும் பென்சிலுமாக வந்து, நான்கு சுவரையும் சுற்றித் தன் கண் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். "இங்க யாரோட படமும் இந்தக் கோட்டுக்கு மேலயும் போகாது, கீழயும் போகாது" என்றாள். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு மேஸ்திரி.

இந்த முறை கண்காட்சி என் தங்கையுடையது. நான் சிபாரிசு செய்யவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த மேஸ்திரி, மேசையில் கிடந்த கரித்துண்டு ஓவியங்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இவளை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

தங்கை ஒரு டாக்ஸி கம்பெனியில் ஃபோன் எடுக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலி. கேட்காமல் யாராவது பின்னால் வந்து தள்ளினால் அவர்கள் காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டு, தெரியாமல் ஏற்றின மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். காத்திருக்கும் இடத்திலெல்லாம் வரைவாள். வங்கி வரிசை, மருத்துவமனை, பஸ் நிறுத்தம். பைகள், விரல்கள், பெல்ட்டுக்கு மேல் பிதுங்கும் வயிறுகள், யார் கையையோ பிடித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிற குழந்தைகள். பெரியவர்களுக்குத் தலையே கிடையாது.

இந்தத் தலை விஷயம்தான் எங்கள் அம்மாவுக்கு ஆகாது. "முகம் வரைய வரலைன்னா நீயாவது சொல்லிக் கொடேன்டி" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வாள். அம்மாவின் ரகசியம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். தங்கை காதில் விழாத மாதிரி இருப்பாள். அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று மட்டும் கேட்டாள். "யார் வராட்டியும் பரவாயில்லக்கா. அம்மா ஒரு தடவை ஒழுங்கா பார்த்தா போதும். வருவாங்கள்ல?"

திறப்பு நாளன்று தங்கை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். வாசலில் நாங்களே செய்து போட்ட சரிவுப் பலகையில் அவள் தானாக ஏறி வந்தபோது மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. படங்கள் கண்ணாடிச் சட்டங்களுக்குள், கோட்டில் இம்மி பிசகாமல் நின்றன. தங்கை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"லைட்டு நல்லா இருக்கு."

"லைட்டா? படத்தைக் கேட்டேன்டி!"

"இங்கேருந்து எனக்கு லைட்டுதான்க்கா தெரியுது."

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குக் கண்ணாடி மேல்விளக்குதான் பளபளத்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தால், அவள் தனக்கு நேரே பார்த்து வரைந்த கைகளும் பைகளும் எங்கள் தலைக்கு மேலே எங்கோ தொங்கின. கூடப் பிறந்தவள் நான். நேற்று முழுக்கப் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

"இறக்கி மாட்டிடலாம்" என்றேன்.

"கோட்டுக்குக் கீழயா?" மேஸ்திரியின் குரல் உடைந்தது. "இவளோடதை மட்டும் கீழ வச்சா வர்றவங்க என்ன நினைப்பாங்க? இவளுக்கு இது போதும்னு வச்சோம்னு நினைக்க மாட்டாங்களா? இதுக்குத்தானா நான் இந்தக் கோட்டைப் போட்டேன்?"

"அது உங்க கண்ணுக்குப் போட்ட கோடு, மேஸ்திரிக்கா" என்றாள் தங்கை, வெகு சாதாரணமாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு ஃபோன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு. இப்படி மாட்டிப் பார்த்தா அம்மா சொல்றதுதான் சரி. தலை வரையத் தெரியாதவ வரைஞ்ச மாதிரிதான் இருக்கு."

மேஸ்திரி ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து, புகைப்படக்காரி இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள். தோளிலிருந்து தொங்கிய பையும், பாட்டில் கனத்தில் வெளுத்துப்போன விரல்களும் மேஸ்திரியின் கண்ணுக்கு நேரே கடந்து போயின. மேஸ்திரி அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடி நிக்கற? ட்ரில்லை எடு!" என்று என்னிடம் கத்தினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வரைந்தவள் உள்ளே வரக் கூடாது என்ற முதல் சட்டமும் காற்றில் பறந்தது. தங்கையை நடுவில் உட்கார வைத்து, "சொல்லு, எங்க?" என்றோம். "இன்னும் கீழ" என்றாள். "இன்னுமா?" என்றாள் மேஸ்திரி. "இன்னும்தான்." கடைசிப் படத்தை மாட்டும்போது வாசலில் ஆள் வந்துவிட்டது. பழைய ஓட்டைகளை அடைக்க நேரமில்லை. சுவரெல்லாம் அம்மைத் தழும்பு.

வந்தவர்கள் முதலில் முழித்தார்கள். உயரமான ஒருவர், கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் கூச்சத்தை விட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா கூட்டம் சேர்ந்த பிறகுதான் வந்தாள். வந்ததும் வராததுமாக, "என்னடி இது, சுவரெல்லாம் ஓட்டை? படத்தையெல்லாம் தரையிலயா மாட்டுவீங்க? குனிஞ்சு பார்க்க என் முட்டி ஒத்துக்குமா?" என்றாள். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதோ தலையைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஆரம்பிக்கவில்லை. எதிரே இருந்த மருத்துவமனை வரிசைப் படத்தைப் பார்த்தாள். தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். யாருடைய கைப்பையோ கன்னத்தில் இடிக்க வர, முகத்தை விலக்கிக்கொண்டாள். கைப்பைக்காரி கவனிக்கவே இல்லை.

"அவ எங்கடி?"

"அந்தப் பக்கம்மா."

அம்மா தேடினாள். இடுப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவே, அறையின் மறுபக்கத்தில், அம்மாவின் கண்ணுக்கு நேரே ஒரே ஒரு முகம் இருந்தது. தங்கை அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாதவள் முகம் மாதிரி வாடியிருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கப்பா!" அம்மா குரல் கொடுத்தாள். "என் பொண்ணு முகத்தை மறைக்கிறீங்க."

எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். தங்கை சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே முட்டியோடு முட்டி படுகிற மாதிரி நிறுத்தினாள்.

"தினமும் உனக்கு இப்படித்தான் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிக்கிட்டேதானேம்மா இருந்தேன்" என்று தங்கை சுவரைக் காட்டினாள்.

அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்காமலே தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி அதட்டினாள். "என்னடி வேடிக்கை பார்க்கற? இந்த முக்காலியை அடுத்த படத்துக்கிட்ட போடு. எல்லாத்தையும் பார்க்கணும்."

அன்று மாலை முழுவதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருவருக்கும் பின்னாலேயே நடந்தேன்.