நீதித்துறைக்கு ஓர் உதாரணம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. ஒன்பது வருடமாகத் தூது போவதும் என் தலையில் விழுந்துவிட்டது. சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர் தம்பி. அதைத் திருத்துகிறவர் அவருடைய சொந்த அக்கா. இரண்டு மேசைக்கும் நடுவில் எட்டடிகூட இருக்காது. அப்பா விட்டுப்போன வீட்டுக்காகத் தம்பி வழக்குப் போட்ட நாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. நேரில் பேசவே கூடாது என்பது வக்கீல் சொன்ன யோசனையாம். அப்பா சொன்னதை இருவரும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அன்று அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தில் 'நீதித்துறை' வந்து தொலைத்தது. பொருளில் தகராறு இல்லை: 'நீதிமன்றங்களும் நீதிபதிகளும் அடங்கிய அரசு அமைப்பு.' ஆனால் எங்கள் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பொய்யாக இருக்கக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் நகரும்.

தம்பி எழுதினார்: 'நீதித்துறை இருக்கும்வரை எந்த அக்காவும் தம்பியை ஏமாற்ற முடியாது.' அக்கா ஓரத்தில் சிவப்பு மையால் 'பொதுவாக இல்லை' என்று எழுதித் திருப்பினார். அடுத்தது வந்தது: 'மூத்தவர்களின் பிடிவாதத்தால் நீதித்துறையின் சுமை கூடுகிறது.' அக்கா 'மூத்தவர்களின்' என்பதை அடித்து 'இளையவர்களின்' என்று போட்டு அனுப்பினார். அங்கும் இங்கும் நடந்து என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது. ஐந்தாவது தடவை தாளைத் தம்பி மேசையில் வைத்துவிட்டு, இனி என் கால் நகராது என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ எழுதினார். என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் தானே எழுந்து, அந்த எட்டடியையும் நடந்து, தாளை அக்கா முன்னால் வைத்தார்.

'நீதித்துறையை நம்பி ஒன்பது வருடமாக அக்காவிடம் பேசாமல் இருக்கிறேன்.'

சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'வழக்கைத் திரும்பப் பெற்று, அக்காவும் தம்பியும் நீதித்துறையின் சுமையைக் குறைத்தனர்.'

தம்பி அதை இரண்டு முறை படித்தார்.

"உதாரணம் பொய்யா இருக்கக் கூடாதேக்கா."

"தெரியும்டா. அதான் நான் இன்னும் கையெழுத்துப் போடலை."

தம்பி அங்கேயே நின்றபடி போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு, அக்காவின் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே அக்காவும் போட்டார்.

பக்கத்தை வாங்கிக்கொள்ள நானே எழுந்து போனேன்.