பெயருக்கு உரியவள்

அவள் பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கூப்பிட்டாள்.

"எழிலி."

பஞ்சு கை நழுவித் தலையணையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து அம்மாவின் வாயிலிருந்து அவள் கேட்டறியாத சொல் அது. "ஏய்", "இந்தாடி", மனசு நன்றாக இருந்தால் "சின்னவளே". தெருவே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, அம்மா மட்டும் கூப்பிட்டதில்லை.

"என்னம்மா? இங்கதான் இருக்கேன்."

அம்மா கண் திறக்கவில்லை. தம்ளரோடு வந்த சித்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கேட்டியாடி? உன்னைத்தான் கூப்பிடுறா. அடிமனசுல ஆசை இல்லாமலா போயிடும்?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகக் கிடப்பவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெயரைக் கண்டெடுத்தவர் அப்பா. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய அகராதியில் கண்ணில் பட்டதாம். எழிலி என்றால் மேகம். கேட்பவர்கள், "ஓ, அழகுன்னு அர்த்தமா?" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை ஒருதரம் பார்ப்பார்கள். பிறகு பேச்சை மாற்றுவார்கள். "மேகம்ங்க, மழை மேகம்" என்று அப்பா விடாமல் திருத்துவார்.

ஆனால் அவர் அதைக் கண்டெடுத்தது இவளுக்காக இல்லை. இவளுக்கு முன்னால் ஓர் எழிலி இருந்தாள். நடை பழகி, ஓட்டம் பழகி, ஒருநாள் அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தின் கைப்பிடியை எட்டி இழுத்துவிட்டாள். மறுவருடம் இவள் பிறந்தபோது அப்பா அதே பெயரை வைத்தார். வீட்டுக்குள் அந்தப் பெயர் புழங்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை போகவில்லை என்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பெயரை வாயில் எடுக்காமல் விட்டாள். அதன்பின் அந்த வீட்டு அடுப்பில் எந்தப் பாத்திரத்தின் கைப்பிடியும் சுவர்ப் பக்கம் தவிர வேறு பக்கம் பார்த்ததில்லை.

கண் மருத்துவமனையில், காத்திருக்கும் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது அவள் வேலை. கூப்பிட்டதும் எங்கோ ஒரு மூலையில் ஒரு முகம் சட்டென்று நிமிரும், தன்னைத்தான் என்று துளி சந்தேகமில்லாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் எழாவிட்டால் சீட்டை ஓரமாக வைத்துவிடுவாள்.

"எழிலி" என்றாள் அம்மா மறுபடியும். "அங்க போகாதடா. சுடும்."

சித்தி தம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா, தரையில் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"அம்மா, நான்தான்மா. சின்னவ. என்னைப் பாரும்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள்.

"யாரும்மா நீ? எம் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கோயேன். அடுப்புகிட்ட நிக்கிறா பாரு."

எனக்கும் அதே பெயர்தானே, ஒரே ஒருதரம் எனக்காகச் சொல்லேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அம்மா காதில் ஏறப்போவதில்லை. அவள் எழுந்து நின்றாள். இடது கையை இடுப்போரம் வளைத்துக்கொண்டாள்.

"தூக்கிட்டேன்மா. இடுப்புலதான் இருக்கா."

"அழறாளா?"

"இல்ல. சிரிக்கிறா."

அம்மாவின் கை மெல்ல எழுந்தது. அவள்மீது படாமல், வளைந்த கைக்குள் இருந்த வெறும் இடத்தைத் தடவியது.

"எழிலி" என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருந்தது இவளுக்குத் தெரியாது. கை கட்டிலில் விழுந்தது. சித்தி பெருங்குரலெடுத்து அழுதபோதும் அவள் வளைத்த கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

மதியத்திற்குள் வீடு நிறைந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடைசி மூச்சுலகூட பொண்ணு பேரைத்தான் சொன்னா." எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கொடுத்துவைத்தவள் என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். யாரோ கைக்குழந்தைக்காக அடுப்பில் பால் வைத்திருந்தார்கள்.

அப்பா பின்னாலேயே வந்தார்.

"உனக்கு அந்தப் பேரை வச்சிருக்கக் கூடாதும்மா."

"விடுங்கப்பா."

"உங்கம்மா உனக்குன்னு ஒரு பேர் யோசிச்சு வச்சிருந்தா. என்கிட்ட மட்டும்தான் சொன்னா. நான்தான் பிடிவாதமா..."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன பேருப்பா?"

அப்பா வாயைத் திறந்தார். கண்ணை மூடி யோசித்தார். உதடுகள் எதையோ பிடித்துவிடப்போவதுபோல் அசைந்தன. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அவ அதைச் சொல்லவே இல்லையே" என்றார். "மறந்துபோச்சும்மா."

கூடத்திலிருந்து யாரோ, "எழிலி" என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் கூப்பிட்டார்கள்.

பால் விளிம்புவரை ஏறியிருந்தது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.