தொப்பை போட்ட கோடு

கணக்கு வாத்தியாருக்குப் பலகையோடு ஒட்டிக்கொண்டு எழுதுகிற பழக்கம். ஆள் குள்ளம், தொப்பை தாராளம். எட்டி எழுத வேண்டுமென்றால் வயிற்றைப் பலகையில் சாய்த்துத்தான் ஆக வேண்டும். இத்தனை வருஷமும் சட்டை சுண்ணாம்பாகும், அவ்வளவுதான். ஸ்மார்ட் போர்டு வந்தது, வம்பும் வந்தது. அதற்கு விரல் எது, வயிறு எது என்று தெரியுமா? எது தொட்டாலும் கோடு போடும். அவர் மேலே ஒரு முக்கோணம் வரைந்தால், தொப்பை தன் பங்குக்குக் கீழே ஒரு உருளைக்கிழங்கு வரைந்துவிடும்.

தலைமையாசிரியையான பெரிய டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கே ஒரு போர்டுதான் சார். வெள்ளிக்கிழமை உங்க வகுப்பைப் பார்க்க வர்றேன். சரிப்படலைன்னா பக்கத்து வகுப்புக்கு மாத்திடுவேன்."

பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சருடையது. அவள் வேறு யாருமில்லை, வாத்தியாரின் பெண்டாட்டியேதான். ஊரான் ஒருவனிடம் தோற்றால் அது பள்ளி வாசலோடு போயிற்று. பெண்டாட்டியிடம் தோற்றால் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வருமே!

"ஏங்க, போர்டு மாட்ட என் ரூம்ல சுவரெல்லாம் துடைச்சு வச்சுட்டேன்," என்றாள் அவள், சோறு போட்டபடியே.

"ஏம்மா, நீ எனக்குப் பெண்டாட்டியா, எதிர்க்கட்சியா?"

"வீட்டுல பெண்டாட்டி. பள்ளிக்கூடத்துல எதிர்க்கட்சி. இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க. வயித்துக் கையெழுத்து நல்லா வரும்."

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் வந்து வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிர்க்கட்சிக்கு அப்போது வகுப்பில்லை. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டது.

வாத்தியார் மூச்சை இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு முக்கோணம் வரைந்தார். அச்சடித்த மாதிரி வந்தது.

"பிள்ளைங்களா, இந்த மூணு கோணத்தையும் கூட்டினா..."

பேசினால் மூச்சு வெளியே வருமல்லவா? கூடவே வயிறும் வந்தது. முக்கோணம் மறைந்தது, பக்கம் முழுக்கச் சிவப்பானது, எங்கிருந்தோ ஒரு கடிகாரம் திறந்துகொண்டு டிக் டிக் என்றது.

"சார், தொப்பை அழிச்சிடுச்சு சார்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அடுத்து அவர் தள்ளி நின்று, நுனிக்காலில் எம்பி எழுதப் பார்த்தார். கால் தடுமாறி, முழு ஆளாகவே போர்டில் போய் அப்பிக்கொண்டார். ஜன்னலில் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கத் தெரியுதுல்ல? நீங்களே வந்து போடுங்க பார்ப்போம்!"

பேனாவை முதல் பெஞ்சில் வைத்துவிட்டு விறுவிறுவென்று பின்னால் போனார். தொப்பை போர்டை எட்டாத தூரம் கடைசி பெஞ்சுதான். அதில் நெளிந்து நுழைந்து உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் எறும்பு மாதிரி போர்டில் மொய்த்தார்கள். ஒருத்தி முக்கோணம் போட்டாள். ஒருவன் அதன் மூலையை விரலால் பிடித்து இழுத்தான். பக்கத்தில் எண்கள் ஓடின.

"டேய், இங்க கூடினா அங்க குறையுதுடா!"

"கூட்டிப் பாரு... மறுபடியும் நூத்தி எண்பது!"

"தள்ளு, நான் இழுக்குறேன். எப்படி மாறாம போகுதுன்னு பார்க்குறேன்."

வாத்தியாருக்குக் கை அரித்தது. எழுந்து போனால் கெட்டது குடி. அதனால் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"நல்லா சப்பையா இழுங்க! இப்போ எவ்வளவு?"

"அப்பவும் அதேதான் சார்!"

"ஏன் அப்படி?"

ஆளுக்கொரு காரணம் சொல்லி, ஒருத்தனை ஒருத்தன் மறுத்து, ஒரே சந்தைக்கடை. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

பெரிய டீச்சர் கடைசி பெஞ்சுக்கே வந்தார்.

"போர்டைப் பிள்ளைங்க கையில கொடுத்துட்டு ஒதுங்கி உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும் சார்? மணி அடிச்சும் நீங்க எந்திரிக்கலை பாருங்க, அது பொறுமை! போர்டு இங்கயே இருக்கட்டும்."

வாத்தியார் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். எழுந்திருக்க முடிந்தால்தானே? பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் தொப்பை ஆப்படித்த மாதிரி இறுகியிருந்தது.

பெரிய டீச்சரும் பிள்ளைகளும் போன பிறகு பெண்டாட்டி உள்ளே வந்தாள்.

"மேசையைக் கொஞ்சம் பிடிச்சு இழும்மா," என்றார் மெதுவாக.

அவள் நிலைமையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வாரத்துல ரெண்டு நாள் என் பிள்ளைங்க இந்த ரூமுக்கு வரும். சரியா?"

"ஒரு நாள்."

அவள் எழுந்து, கதவைச் சாத்தப் போனாள்.

"ரெண்டு! ரெண்டும்மா! வந்து இழு!"