கல்யாண முருங்கை இலை கொட்டிய மார்கழி

கல்யாண முருங்கை இலை கொட்டினால் அது என் குற்றமாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் தை மாதம், எங்கள் கல்யாணப் பந்தலில் அரசாணிக்காலாக நட்ட கிளை அது. கல்யாணம் முடிந்த கையோடு மாமியார் வீட்டுக் கொல்லையில் நானும் வளவனும் சேர்ந்து ஊன்றினோம். அது தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. தழைக்காமல் என்ன செய்யும்? வெட்டி வைத்தாலே வேர் விடுகிற ஜாதி. போதாததற்கு நான் தினமும் இரண்டு குடம் ஊற்றினேன். பத்தே மாதத்தில் ஓட்டுக்கூரையை எட்டிவிட்டது. "எம் மருமக கைராசி" என்று தங்கம்மாள் அத்தை தெருவெல்லாம் சொன்னார். சளிக்கு நல்லதென்று அந்த இலையைப் பறித்து வாரம் தவறாமல் அடை சுட்டார்.

மார்கழியில் இலை பழுத்துக் கொட்டியது. பத்து நாளில் முள்ளும் குச்சியும்தான் மிச்சம். அத்தை நேரே ஜோசியரிடம் போனார்.

திரும்பி வந்து, "ஒரு மண்டலம் உங்க அப்பா வீட்ல போய் இரும்மா. தோஷம் கழியட்டும்" என்றார்.

"அத்தை, நம்ம வயல் வேலியில இதே மரம் நாலு நிக்குது. நாலும் மொட்டையாத்தான் இருக்கு. வருஷா வருஷம் கொட்டுறதுதானே?"

"அது வேலி. இது கல்யாணக் கால்."

நான் வளவனைப் பார்த்தேன். விவசாயப் படிப்புப் படித்தவர். எந்த நெல்லை எப்போது விதைக்கலாம் என்று ஊருக்கே சொல்கிறவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் எனக்கு. "நாப்பத்தெட்டு நாள்தானே எழில்" என்று என் பையைத் தூக்கி பைக்கில் மாட்டினார்.

அப்பா வீட்டுத் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "என்ன, விசேஷமா?" என்று வயிற்றைப் பார்த்தார்கள். என்னவென்று சொல்வது? மரம் மொட்டையானதால் துரத்திவிட்டார்கள் என்றா? மண்டலம் முடிந்தும் மரம் துளிர்க்கவில்லை என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. பங்குனி பிறந்ததும் அத்தை போன் செய்தார்.

"மரம் துளிர்த்துடுச்சும்மா. கிளம்பி வா."

"அது துளிர்க்க நான் என்ன செஞ்சேன் அத்தை?"

நானே பதிலும் சொன்னேன்.

"ஒன்னும் செய்யல. இலை கொட்டினப்பவும் அதேதான் செஞ்சேன். உங்க பிள்ளைய வரச் சொல்லுங்க."

மறுநாள் வளவன் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே, "அம்மா கூப்பிடுறாங்க" என்றார்.

"அடுத்த மார்கழியிலயும் கொட்டும். அப்ப உங்க அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?"

தலையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார். என்மேல் அக்கறையோடுதான் யோசித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேணும்னா மரத்தை வெட்டிடுவோமா?" என்றார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.