தலைவர் பேசக் கூடாது

...எப்படித்தான் அந்த விதியை மறந்து தொலைத்தாரோ, தலைவர் விவாதத்தில் பேசக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றால் மட்டும்தான் அவருக்கு ஓர் ஓட்டு, இதை ஊரெல்லாம் ஒப்பித்துத் திரிந்தவரே பல் டாக்டர்தான், ஆனாலும் காலையில் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, இந்த வருடம் நம் திருச்சபையின் வட்டப் பேரவைக்கு டாக்டரே தலைவராக இருக்கட்டும் என்றதும் ஜிவ்வென்று தலைக்கு ஏறிவிட்டது. எதிர் அணியின் தளபதியே தன்னை முன்மொழிகிறாரே, என்ன பெருந்தன்மை என்று உருகி, கைகூப்பி, மேடையேறி, மரச் சுத்தியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சரி, வழிமொழிந்தது யார்? சொந்த மனைவி. "நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க, எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க" என்று இஸ்திரி போட்டு நீட்டினாளே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? கீழே மூன்றாம் வரிசையில் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருக்கிறாள், கைக்குட்டையால் வாயை மூடியிருக்கிறாள், இருமலா அது, சிரிப்பா...

அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றும் விளையாட்டல்ல. சபையின் பழைய விசுவாச அறிக்கையை இனி சபையை நிர்வகிக்கும் ஒவ்வொரு மூப்பரும் வரிக்கு வரி ஏற்பதாக எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மாட்டேன் என்பவர் பதவியை விட்டு இறங்க வேண்டும், இப்போது போல 'சாரத்தை ஏற்கிறேன்' என்று மழுப்பிவிட்டுப் போக முடியாது. பிரஸ்பிட்டேரியன் சபை என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா, பெரியவர்கள் எழுதி வைத்ததை வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைக்க அது என்ன குடையா? எத்தனை வருடமாக இதற்கு அலைந்திருக்கிறார், எத்தனை போதகர்களுக்குப் பல்லைக் கட்டணமில்லாமல் சுத்தம் செய்துகொண்டே இதைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறார்... ஒரே ஒரு சிக்கல். அவளும் மூப்பர். அறிக்கையில் ஒரு வரியை மட்டும் அவள் சொல்ல மாட்டாள், கடவுளால் முன்கூட்டியே தெரிந்தெடுக்கப்படாதவர்களுக்கு இரட்சிப்பில் பங்கில்லை என்கிற வரியை. தீர்மானம் நிறைவேறினால் முதலில் இறங்குகிறவள் அவள்தான். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள், பொய் சொல்லி உட்காருவதற்கு இறங்கிவிடுவது மேல் என்று. அதற்காகக் கொள்கையை விட முடியுமா? முடியாது. முடியாதுதான்...

அவருக்குப் பதிலாகப் பேச எழுந்த இளம் போதகர் சொதப்பித் தள்ளினார். டாக்டர் ராத்தூக்கம் கெட்டு எழுதிக் கொடுத்த உரையை, நகைச்சுவையான இடங்களில்கூடத் துக்கம் விசாரிக்கிற குரலில் வாசித்தார், மைக் வேறு கொர்ரென்றது. ஐயோ, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தணும்யா! நாக்கு துடிக்கிறது, சுத்தியை இறுகப் பிடித்துக்கொண்டார். எத்தனை பேரை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்க வைத்துப் பேசியிருப்பார், இன்று தன்னை நாற்காலியில் உட்கார வைத்து வாயைப் பூட்டிவிட்டார்களே. மாமனார் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தச்சர், கோயிலுக்கு ஒரு நாள் கும்பிட வந்ததில்லை. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த அன்று, ஆள் வசமாகச் சிக்கினார் என்று, மருந்து போட்டு மரத்துப்போன வாய்க்கு எதிரே நின்று இரட்சிப்பைப் பற்றி டாக்டர் விளாசித் தள்ளினார். எல்லாம் முடிந்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு மாமனார் குழறலாகச் சொன்னார், "மாப்ள, பதில் சொல்ல முடியாதவன்கிட்ட நல்லாத்தான் பேசறீங்க." நல்ல மனுஷன். போய் எத்தனை வருடம் ஆயிற்று, அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்து அவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள், மைக்கைக் கியர் போலப் பிடித்தாள். "வண்டி கத்துக்க வர்றவங்கள முதல் நாளே புத்தகம் முழுக்க ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பிக்காதவங்கள இறக்கிவிட்டா, வண்டியில நான் மட்டும்தான் இருப்பேன்." கூடம் சிரித்தது, டாக்டருக்கும் வந்தது, தலைவர் சிரிக்கலாமா என்று எந்த விதியிலும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க உக்காந்திருக்கிற பெஞ்செல்லாம் எங்கப்பா இழைச்சது. அவருக்குப் பங்கில்லன்னு கடவுள் சொன்னா கேட்டுக்கறேன். கடவுளுக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்." வீட்டில் இதை நூறு முறை சொல்லியிருக்கிறாள், ஆனால் அங்கே அவள் பாதி சொல்லும்போதே இவர் மீதியை மறுக்க ஆரம்பித்துவிடுவார். முழுதாகக் கேட்பது இதுதான் முதல் முறையோ? கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்ததே, வீட்டிலும் அப்படித்தான் உடைந்திருக்குமா, இவர்தான் கேட்காமல் இருந்தாரா...

கை தூக்கினார்கள், எண்ணினார்கள், நம்பாமல் மறுபடி எண்ணினார்கள். சரிசமம். கூடமே மேடையைப் பார்த்தது. இளம் போதகர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம், ஜெயித்தோம் என்று. கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், பாவம், போட்ட திட்டம் தன் தலையிலேயே விழுந்ததே! அவள் மட்டும் இவரைப் பார்க்கவில்லை, கைப்பையை மூடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், இறங்கத் தயாராகிறவளைப் போல. அப்போதுதான் உள்ளே ஏதோ 'அப்பாடா' என்றது, எதற்கு என்று தெரியவில்லை, அதற்குப் பின்னால்தான் இன்னொரு விதி மண்டையில் வந்து மோதியது. போன வருடம் ஆராதனையில் டிரம்ஸ் வைக்கலாமா என்று ஓட்டு சமமாக வந்தபோது துள்ளிக் குதித்தது யார்? "தலைவரோட ஓட்டு இருக்கறத இருக்கறபடியே வைக்கத்தான், புதுசா ஒண்ண நுழைக்கறதுக்கு இல்ல!" என்று மேசையைத் தட்டி, அதை விதியாகவே எழுத வைத்தது யார்? இவரேதான். அன்று டிரம்ஸ் போயிற்று, இன்று... ஆனால் இது புதிதல்லவே, பழையதைத் திரும்பக் கொண்டுவருகிறோம், திரும்பக் கொண்டுவருவது எப்படிப் புதிதாகும்? ஆகும் போலிருக்கிறதே. இன்றைக்கு இருப்பது 'சாரத்தை ஏற்கிறேன்'தானே. விதி விதிதான், அதை வளைக்க ஆரம்பித்தால் வரிக்கு வரி என்று கேட்க இவருக்கு என்ன வாய் இருக்கிறது?

எழுந்தார். விதிப்படி தலைவரின் ஓட்டு தீர்மானத்துக்கு எதிராக, என்றார். குரல் கணீரென்று வந்தது, அவருக்கே ஆச்சரியம். சுத்தியைத் தட்டினார். இளம் போதகர் வாயைப் பிளந்தார், அதில் இடப் பக்கம் ஒரு சொத்தை, பார்க்க வேண்டும்.

தேநீர் இடைவேளையில் கண்ணாடிக் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கிவிட்டுப் போனார். அவள் இரண்டு கோப்பைகளோடு வந்து ஒன்றை நீட்டினாள், கண் கொஞ்சம் சிவந்திருந்தது, ஆனால் சிரிப்பும் இருந்தது. "நாற்காலியில உக்கார வச்சதுக்குக் கோவமா?" இல்லை என்று தலையாட்டினார். "ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லணும். அந்த விதி மட்டும் இல்லன்னா எந்தப் பக்கம் போட்டிருப்பீங்க?" என்ன கேள்வி இது, கொள்கைப் பக்கம்தான், சொல்வதற்கென்ன, வாயைத் திறந்தார்... திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவள் ஒரு பிஸ்கட்டை அதில் வைத்துவிட்டுத் தோழிகளை நோக்கி நடந்தாள். மென்றுகொண்டே நின்றார். அடுத்த வருடம் இந்த நாற்காலி போய்விடும், பேச்சும் ஓட்டும் திரும்ப வந்துவிடும், தீர்மானத்தை மறுபடி கொண்டுவரலாம், தடையொன்றும் இல்லை. அது சரி, 'அப்பாடா' முதலில் வந்ததா, விதி முதலில் வந்ததா?