ஒழுகும் கூரை

"பஸ்னா, நீங்க கூலிக்கு ஈக்கிற வீட்டுக் கூரை ஒழுகுது. நான்தான் வீட்டுச் சொந்தக்காரன். இங்கிலீஷ்ல என்கிட்ட முறைப்பாடு செல்லுங்க" என்றேன்.

அவள் ஸ்கார்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் பேசினாள். கூரை கொஞ்சம் ஒழுகுகிறது, பரவாயில்லை, நான் சமாளித்துக்கொள்கிறேன், நீங்கள் தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா?

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

திகனயில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்தான் என் வகுப்பு. இலக்கணத்தைப் பலகையில் எழுதிப் பாடமாக்க விடுகிற ஆள் நானில்லை. ஆளுக்கொரு காரியம் கொடுப்பேன். டொக்டருக்குப் போன் எடு, பழுதான கேத்தலைக் கடையில் திருப்பிக் கொடு. காரியத்தை முடிக்கப் பாடுபட்டால் இலக்கணம் தானாக நாக்கில் வந்து உட்காரும். பஸ்னாவுக்கு வந்துவிட்டது. காரியம்தான் ஒருநாளும் முடியவில்லை.

"மொகத்துக்கு நேரா எப்பிடி டீச்சர் குறை செல்ற?" என்பாள். அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

அவள் கணவர் அரூஸ் இங்கிலாந்துக்குப் போனபோது மகளுக்கு நாற்பது நாள். இப்போது நான்கு வயது. ஆங்கிலத்தில் பேசும் பரீட்சையில் தேறினால்தான் தாய்க்கும் மகளுக்கும் விசா. அங்கேயும் இப்படிக் காரியம் கொடுத்துத்தான் பேச விடுவார்கள். இரண்டு தடவை விழுந்தாயிற்று. மூன்றாவது, வருகிற வெள்ளிக்கிழமை. இதுவும் போனால், இவர்களுக்காக அங்கே கூலிக்கு எடுத்து வைத்திருக்கும் வீட்டை விட்டுவிடுவதாக அரூஸ் சொல்லிவிட்டார்.

"சண்டை பிடிங்க!" என்று அந்தக் கிழமை முழுக்கக் கத்தினேன். அவள் அழுதாள். ஆனாலும் நான் விடவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் மேசையில் ஓங்கி அடித்து, இன்றைக்கே கூரையைத் திருத்தித் தர வேண்டும் என்றாள். வகுப்பே கைதட்டியது. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை பெறுபேற்றோடு வந்து நின்றாள். தேறவில்லை.

"ஹோட்டல் ரூம்ல சுடுதண்ணி வரல்ல, முறைப்பாடு செல்லுங்கன்டு கேட்டாங்க டீச்சர். கேட்டவர் வயசாளி. இருமிக்கொண்டே ஈந்தார். பச்சைத் தண்ணியே போதும், நீங்க ரெஸ்ட் எடுங்கன்டு செல்லிட்டேன்."

அட பாவி மகளே. ஏச வாய் திறந்தேன், அதற்குள் அவள் போன் அடித்தது. அரூஸ். குரல் எனக்கும் கேட்டது.

"வீட்டத் திருப்பிக் குடுத்துட்டேன் பஸ்னா. இன்னம் ரெண்டு, மூணு வருஷம் போகட்டும். பொறகு பாப்பம்."

நான் பாய்ந்து ஒரு தாளை இழுத்து, 'ஏலாது என்று சொல்லு' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவள் அதை வாசித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, குரலில் அது இல்லை.

"பரவால்ல, நான் சமாளிச்சுக்கொள்றேன்" என்றாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"