கரண்ட் போன பாட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில், ஜீப்னி என்கிற ஷேர் வண்டிக்குள் கிடைத்தது. ஓட்டுநர் போட்ட பாட்டு பாதி வரியில் பொட்டென்று நின்றது. வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நானும்தான். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது: அய்யோ, மீதி வரி என்ன?

2

(முதல் தொடக்கம்: ‘அர்லீன் சன்னல் வழியே மழையைப் பார்த்தபடி...’ வேண்டாம். மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளா அவள்?)

அர்லீன் பாடுவாள், தம்பி போயெட் டிரம்ஸ் வாசிப்பான். மணிலாவில் நாள் தவறாமல் கரண்ட் போன தொண்ணூறுகளில், ‘ஈரச் செருப்பு’ என்ற அவர்களது ராக் குழு ஒரே ஒரு கேசட் போட்டது. கடைசிப் பாட்டின் கடைசி வரியைப் பதிவு செய்யும்போது கரண்ட் போய்விட்டது. ஸ்டூடியோக்காரர் அலட்டிக்கொள்ளாமல் அப்படியே வெளியிட்டார். பார்த்தால், அதுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது! பின்னால் வந்த இளவட்டக் குழுக்கள் அந்தப் பாட்டை ரெகேவாக்கின, தாலாட்டாக்கின, கல்யாண மேடையிலும் பாடின. பாதியில் அறுந்த அந்த வெட்டில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. அந்த இடம் வந்தால் விளக்கையும் மைக்கையும் அணைப்பார்கள், இருட்டில் கூட்டம் கத்தும். இப்போது அது சடங்காகிவிட்டது.

(போயெட்டைச் சாகடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீங்கள் அழுவீர்கள், எனக்கும் வேலை சுலபம். ஆனால் அவன் பிடிவாதக்காரன், சாக மாட்டேன் என்கிறான்.)

3

பாட்டை எழுதியவனே போயெட்தான். அந்தக் கடைசி வரிக்காகத்தான் முழுப் பாட்டையும் எழுதினான். இன்று மணிலாவின் கியூபாவ் பகுதி அரங்கில் புதிய குழுக்கள் அந்தக் கேசட் முழுவதையும் பாடுகின்றன. கடைசிப் பாட்டு மட்டும் அர்லீனுக்கு. மைக்கை அணைக்க வேண்டாம் என்று அவள் கேட்டுப்பார்த்தாள். சனம் வந்ததே வெட்டுக்காகத்தான் என்று அமைப்பாளர் சொல்லிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் போயெட் பன்சித் நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்தான்.

“அக்கா, இன்னைக்காவது முழுசாப் பாடிடு.”

“மைக்கை அணைச்சிருவாங்கடா.”

“தொண்டைய அணைக்க முடியாதுல்ல?”

“அவங்க போடுற கத்தல்ல பக்கத்துல இருக்குற உனக்கே கேக்காது.”

“எனக்கு எதுக்கு? எழுதினவன் நான். அவங்களுக்குக் கேக்கணும்க்கா.”

 அர்லீன் அவனுடைய பன்சித்தை எடுத்துத் தின்றாள்.

4

முடிவு ஒன்று: விளக்குக்காரர் மனம் மாறி... பொய். அவர் நல்ல வேலைக்காரர்.

முடிவு இரண்டு: நிஜமாகவே கரண்ட் போகிறது. சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அந்த வரியை நானே எழுதி இங்கே போட்டுவிடுவது. எழுதினேன். சகிக்கவில்லை.

5

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாட்டு அந்த வரிக்கு வந்தது. விளக்கு போனது, மைக் செத்தது. போயெட் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். அர்லீன் மேடை விளிம்புவரை வந்து, மூச்சை இழுத்துக்கொண்டாள்.

கூட்டம் கத்துவதற்கு வாயைத் திறக்கிறது. நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள், ஜீப்னியில் என்னோடு கத்தியவர்கள்தானே! உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை கத்தாதீர்கள். பக்கத்தில் நிற்பவரையும் கத்த விடாதீர்கள். அவள் பாடத் தொடங்கிவிட்டாள்.